கருப்பட்டி போன பாதை

சாத்தூர் பேருந்து நிலையத்துக்குள் வண்டி நுழைந்ததும் ஜன்னலுக்கு நேரே வெள்ளரிப் பிஞ்சுக் கூடைகளும் காராச்சேவுப் பொட்டலங்களும் வந்து நிற்கும். அங்கிருந்து கொஞ்சம் தெற்கே போனால் கோவில்பட்டி, கடலை மிட்டாய். தாமிரபரணிக் கரைக்கு இறங்கினால் திருநெல்வேலி அல்வா. கடலை நோக்கிக் கிழக்கே திரும்பினால் தூத்துக்குடி மக்ரூன். விருதுநகரில் கிளம்புகிற ஒருவர் ஒரே நாளில் இத்தனையையும் வாங்கிப் பையை நிரப்பிவிடலாம். பலரும் அப்படித்தான் செய்கிறோம். செய்துவிட்டு அந்தந்த ஊரை ருசி பார்த்தாயிற்று என்று நினைத்துக்கொள்கிறோம்.

இந்தப் பண்டங்களை வரிசையாக வைத்துப் பாருங்கள். வெள்ளரிப் பிஞ்சு நீங்கலாக மற்ற எல்லாம் ஈரம் வற்றக் காய்ச்சியோ பொரித்தோ சுட்டோ செய்தவை. நாலு நாள் தாங்கும், பொட்டலம் கட்டத் தோதுப்படும், சாப்பாட்டு இலையில் மட்டும் இடம்பெறாது. உள்ளூர் வீடுகளில் காலையும் இரவும் உண்பது இவற்றையல்ல. வழிப்போக்கருக்கு விற்கவும் வெளியூருக்கு அனுப்பவும் வளர்ந்த பண்டங்கள் இவை. அதனால் ஊரின் மண்ணைவிட, ஊர் வழியாகப் போன சரக்கையும் ஆட்களையும்தான் இவை முதலில் காட்டுகின்றன. மண்ணைக் காட்டும் உணவு பெயர்ப்பலகை இல்லாமல் வீட்டுக்குள் இருக்கிறது. இரண்டையும் தேடிப் போனால்தான் ஓர் ஊர் பிடிபடும் என்பது இந்த வட்டாரத்தில் அலைந்து நான் வந்து சேர்ந்த முடிவு. இரண்டையும் இணைக்கும் பொருள் ஒன்று இங்கே இருக்கிறது: கருப்பட்டி.

பழைய திருநெல்வேலிச் சீமையின் உழவர் வரலாற்றை எழுதிய டேவிட் லட்டன், 1985இல் வெளிவந்த தம் நூலில் அந்தச் சீமையை நன்செய், புன்செய், இரண்டும் கலந்தது என்று மூன்று வட்டாரங்களாகப் பகுக்கிறார். ஆற்றுப் பாசனத்தில் நெல் விளையும் தாமிரபரணிக் கரை முதலாவது. மலையடிவாரத்தில் குளத்தையும் கிணற்றையும் நம்பிய பூமி கலப்பு வட்டாரம். மற்றதெல்லாம் வானம் பார்த்த புன்செய். அதிலும் வடகிழக்குக் கரிசல் ஓர் உலகம், தென்கிழக்கே பனங்காடும் செம்மணல் தேரியும் இன்னோர் உலகம். எந்த மண்ணில் யார் குடியேறினார்கள், யாருக்கு நிலம் இருந்தது, யார் கூலிக்குப் போனார்கள் என்பதெல்லாம் இந்தப் பிரிவினையை ஒட்டியே அமைந்தன. அடுப்பில் என்ன வெந்தது என்பதும் அப்படித்தான்.

ராபர்ட் ஹார்ட்கிரேவ் 1969இல் வெளியிட்ட நாடார் சமூக வரலாறு இந்த உலகங்களை இணைத்த பாதையைக் காட்டுகிறது. 19ஆம் நூற்றாண்டில் தென்கிழக்குப் பனங்காட்டுப் பக்கமிருந்து கருப்பட்டியும் உப்பும் கருவாடும் ஏற்றிய வண்டிகள் வடக்கே கரிசலுக்குள் போயின. திரும்பும்போது பருத்தியும் தானியமும் ஏற்றி வந்தன. வழியில் களவு பயம் இருந்ததால் வண்டிகளையும் சரக்கையும் பாதுகாப்பாக நிறுத்தச் சுற்றுச்சுவர் எழுப்பிய இடங்களை வணிகர்கள் அமைத்துக்கொண்டார்கள். பேட்டை என்பது இதுதான். விருதுநகர், சிவகாசி, சாத்தூர், அருப்புக்கோட்டை, திருமங்கலம், பாலையம்பட்டி ஆகிய ஊர்களில் நாடார் வணிகர்கள் வேரூன்றிய வரலாற்றில் பேட்டைக்குப் பெரிய இடம் உண்டு. விற்கும் சரக்கில் ஒரு பங்கை மகமையாக எடுத்துவைத்து அதைக் கொண்டு கோயிலும் பள்ளிக்கூடமும் நடத்தினார்கள். காமராஜர் படித்த விருதுநகர்ப் பள்ளிக்கு வீட்டுக்கு வீடு தினம் ஒரு பிடி அரிசி எடுத்துவைத்துக் கொடுத்த வழக்கம் இருந்தது. அரிசி விளையாத ஊரில் அரிசியைச் சேர்த்துப் பள்ளிக்கூடம் நடத்தியிருக்கிறார்கள். அந்த ஊரைப் பற்றி இதைவிட நல்ல அறிமுகம் எனக்குத் தெரியவில்லை.

இந்தப் பின்னணியோடு கோவில்பட்டிக் கடலை மிட்டாயைக் கையில் எடுத்துக்கொள்ளலாம். வறுத்துத் தோல் நீக்கி இரண்டாக உடைத்த கடலை, வெல்லப்பாகு, மணத்துக்குக் கொஞ்சம் ஏலம் அல்லது சுக்கு, இவ்வளவுதான் சேர்மானம். பாகு பதம்தான் வேலையின் உயிர். ஒரு சொட்டைத் தண்ணீரில் விட்டால் உருண்டு, எடுத்துத் தட்டினால் கண்ணாடிபோல் நொறுங்க வேண்டும். அந்தக் கணத்தில் கடலையைக் கொட்டிக் கிளறிப் பலகையில் சாய்த்து, சூடு ஆறும் முன்பே உருளையால் தேய்த்துத் துண்டு போட்டாக வேண்டும். பதம் ஒரு நொடி முந்தினால் பல்லில் ஒட்டும், பிந்தினால் கசக்கும். 1940கள் வரை இந்தப் பக்கம் கருப்பட்டிப் பாகில்தான் கடலை மிட்டாய் செய்தார்கள். அதன் பிறகுதான் கரும்பு வெல்லம் வந்தது, அதுவும் தேனிப் பக்கத்திலிருந்து.

கடலையோ தென் அமெரிக்கப் பயிர். ஐரோப்பியர் கப்பல்கள் வந்து போகத் தொடங்கிய பிறகே இந்த நாட்டுக்கு அது வந்தது. கரிசலிலும் பக்கத்துச் செவலிலும் மானாவாரியாக விளைந்து, எண்ணெய்ச் செக்குக்கும் மண்டிக்கும் போய்ப் பணப்பயிரானது. ஆக, கோவில்பட்டியின் பெயரைத் தாங்கி நிற்கும் இந்தத் துண்டில் கடல் கடந்து வந்த விதையும், பனங்காட்டிலிருந்து வண்டியில் வந்த இனிப்பும், பின்னால் அதன் இடத்தைப் பிடித்த மலையடிவாரத்து வெல்லமும் சேர்ந்திருக்கின்றன. கோவில்பட்டி கொடுத்தது அவை சந்தித்துக்கொள்ள ஒரு சந்தையையும், பாகு பதம் தெரிந்த கைகளையும். அது சின்ன விஷயமில்லை. வெறும் பஞ்சம் பிழைத்த வறண்ட ஊர் என்று கோவில்பட்டியை நினைப்பவர்கள் இந்த மிட்டாயை ஒழுங்காக மென்று பார்க்கவில்லை என்றே சொல்வேன்.

கரிசல் மண்ணின் சாப்பாடு இதே ஊரில் வேறு இடத்தில் இருக்கிறது. கம்பு, சோளம், குதிரைவாலி, வரகு. புரட்டாசி ஐப்பசி மழைக்கு விதைத்து, அந்த ஈரத்தைக் கரிசல் பிடித்துவைத்துக்கொள்ளும் தெம்பில் தையிலும் மாசியிலும் அறுப்பது. நெல்லுச்சோறு ஒரு காலத்தில் இங்கே தீபாவளிக்கும் பொங்கலுக்கும் உரியது. கம்பஞ்சோறு ஆக்குவது லேசான வேலையில்லை. கம்பில் தண்ணீர் தெளித்துப் பிசறி உரலில் குத்தி உமி போகப் புடைக்க வேண்டும். மறுபடி இடித்து, நொய்யையும் மாவையும் பிரித்து, நொய்யை முதலில் உலையில் போட்டு, மாவைப் பிறகு சேர்த்துத் துடுப்பால் விடாமல் கிண்ட வேண்டும். ஆறியதும் உருண்டை பிடித்துத் தண்ணீரில் போட்டுவைத்தால் மறுநாள் மோர் விட்டுக் கரைத்து, சின்ன வெங்காயத்தையோ மோர் மிளகாயையோ காணத் துவையலையோ கடித்துக்கொண்டு குடிக்கலாம். புளிப்பேறிய அந்தக் கஞ்சியின் குளிர்ச்சி, வெயிலில் காட்டு வேலை பார்த்த உடம்புக்கு ஏன் வேண்டியிருந்தது என்பது சித்திரை மாதத்தில் கோவில்பட்டிக் காட்டில் ஒரு மணி நேரம் நடந்தவருக்குத் தானே விளங்கும்.

கோவில்பட்டிக்குப் பக்கத்து இடைசெவலில் பிறந்த கி. ராஜநாராயணனும் கு. அழகிரிசாமியும் இந்த அடுப்படியைத் தமிழ் இலக்கியத்துக்குள் கொண்டுவந்தவர்கள். கி.ரா. கரிசல் வட்டார வழக்குக்கு ஓர் அகராதியே தொகுத்தார். இந்தப் பக்கம் உணவைத் தேடிப் போகிறவர்கள் கடை விலாசங்களைக் குறித்துக்கொள்வதோடு இவர்களின் கதைகளையும் வாசித்துவிட்டுப் போனால், வேனிற்காலத்துச் சாலையோரக் கூழ் வண்டியில் கையில் வாங்கும் சொம்புக்கு அர்த்தம் கூடும்.

புவிசார் குறியீடு பற்றி இங்கே ஒரு வார்த்தை. அதற்கான சட்டம் 1999இல் இயற்றப்பட்டு 2003இல் நடைமுறைக்கு வந்தது. பதிவகம் சென்னையில் இருக்கிறது. ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பால்கோவாவுக்கு 2019இலும், கோவில்பட்டிக் கடலை மிட்டாய்க்கு 2020இலும், உடன்குடிப் பனங்கருப்பட்டிக்கு 2023இலும் குறியீடு கிடைத்தது. செய்கிறவர்களுக்கு இது பெரிய பாதுகாப்பு. போலிகளைத் தடுக்க இது உதவும். ஆனால் இந்தப் பட்டியலையே ஊரின் உணவு வரைபடமாக எடுத்துக்கொள்ளும் பழக்கம் பயணிகளிடையே பரவிவருவது சரியில்லை. விற்பனைச் சரக்காக, ஊர்ப் பெயரோடு, பொட்டலத்தில் போகக்கூடியதற்குத்தான் இந்த ஏற்பாடு பொருந்தும். தண்ணீரில் கிடக்கும் கம்பு உருண்டைக்கு யார் விண்ணப்பம் போடுவது?

திருநெல்வேலிக்கு வந்தால் நிலம் ஒரேயடியாக மாறுகிறது. நெல், வாழை, வாய்க்கால். அல்வாவின் மூலப்பொருளோ ஆற்றங்கரையில் விளையாத சம்பா கோதுமை. அதை ஊறவைத்து அரைத்துப் பாலெடுத்து, புளிக்க விட்டு, மேலே தெளிந்த தண்ணீரை இறுத்து, சர்க்கரையும் நெய்யும் விட்டு மணிக்கணக்காகக் கிண்டுவது முறை. வடக்கேயிருந்து வந்து தங்கிய குடும்பத்தின் கைப்பக்குவம் நெல்லையப்பர் கோயிலுக்கு எதிரே, சாயங்காலம் மட்டும் திறக்கும் இருட்டுக்கடையில் ஊரின் அடையாளமானது. சுவைக்குத் தாமிரபரணித் தண்ணீர்தான் காரணம் என்று ஊரில் அடித்துச் சொல்வார்கள். கோவில்பட்டியிலும் இதே ஆற்றைக் காரணம் காட்டுவதுண்டு. தண்ணீருக்கு அதன் பங்கு இருக்கட்டும்; கோதுமைப் பாலைப் பொறுமையாகத் தெளியவிடுவதில்தான் பெரும்பகுதி சுவை இருக்கிறது என்று எனக்குப் படுகிறது.

ஆற்றங்கரையின் சொந்தச் சாப்பாடு சொதி. திருநெல்வேலிச் சைவ வீடுகளில் கல்யாணம் முடிந்து மறுவீட்டு விருந்தென்றால் சொதிதான். தேங்காயை முதல் பால், இரண்டாம் பால், மூன்றாம் பால் என்று பிரித்தெடுத்து, பிந்திய பாலில் காய்களையும் பாசிப்பருப்பையும் வேகவைத்து, இஞ்சியும் பச்சை மிளகாயும் அரைத்துவிட்டு, இறக்கும் நேரத்தில் முதல் பாலும் எலுமிச்சைச் சாறும் சேர்ப்பார்கள். முதல் பால் விட்டபின் கொதித்தால் திரிந்துபோகும். தேங்காயின் கனம் செரிக்கத் தொட்டுக்கொள்ள இஞ்சிப் பச்சடி. இலங்கைத் தமிழர் வீடுகளில் இடியாப்பத்தோடு வரும் சொதி இதைவிட நீர்த்தது, ஆனாலும் இதன் உடன்பிறப்பு என்பதில் ஐயமில்லை. தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே கப்பல் ஓடிக்கொண்டிருந்த காலத்தில் இந்தப் பக்கத்து ஆட்கள் வியாபாரத்துக்கும் வேலைக்கும் அங்கே போய்வந்துகொண்டிருந்தார்கள். 1906இல் வ.உ.சி. சுதேசிக் கப்பல் கம்பெனி தொடங்கியது அந்தக் கடல்வழியில் வெள்ளையர் கம்பெனியின் ஆதிக்கத்தை எதிர்த்துத்தான்.

தூத்துக்குடி மக்ரூனைப் பற்றிச் சொல்லும்போது எல்லோரும் போர்ச்சுக்கீசியரிடம் போய்விடுகிறார்கள். 1530களில் முத்துக்குளித்துறைப் பரதவர் கத்தோலிக்கரானது, 1542இல் பிரான்சிஸ் சேவியர் இந்தக் கரைக்கு வந்தது, பிரேசிலிலிருந்து முந்திரியைப் போர்ச்சுக்கீசியர் இந்தியாவுக்குக் கொண்டுவந்தது ஆகிய எல்லாம் வரலாறு. ஆனால் 1658இலேயே தூத்துக்குடியை டச்சுக்காரர் பிடித்துவிட்டார்கள், 1825இல் அது ஆங்கிலேயர் கைக்கு வந்து சேர்ந்தது. போர்ச்சுக்கீசியர் போனதற்கும் இன்றைய பேக்கரிகளுக்கும் நடுவே மிக நீண்ட இடைவெளி கிடக்கிறது. ஒரு பாதிரியாரின் சமையல்காரர் வழியாக மக்ரூன் நேரே இறங்கிவந்தது என்று கதை கட்டுவதைவிட, துறைமுக ஊர்களில் பேக்கரித் தொழில் வளர்ந்த விதத்தைப் பார்ப்பது பயன் தரும். கப்பலாட்களுக்கு ரொட்டி வேண்டும். ரொட்டி சுட அடுப்பு வேண்டும். ரொட்டி வெந்து முடிந்தபின் அடுப்பில் தங்கும் இளஞ்சூடு வீணாகாமல் இருக்க ஒரு பண்டம் வேண்டும். மக்ரூனுக்கு அந்த இளஞ்சூடுதான் ஏற்றது. முட்டையின் வெள்ளைக்கருவை நுரை நிமிர்ந்து நிற்கும்வரை அடித்து, சீனியைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்து, முந்திரிப் பொடியை நுரை உடையாமல் கலந்து, காகிதக் கூம்பில் அடைத்துச் சங்குபோல் சுழித்துப் பிழிகிறார்கள். ஐரோப்பாவில் பாதாம் இருந்த இடத்தில் இங்கே முந்திரி. மெல்லிய சூட்டில் மெதுவாகக் காய்ந்தால் வெளியே மொறுமொறுப்பு, நடுவில் லேசான பசை. கடற்காற்றின் ஈரம் பட்டால் கொஞ்ச நேரத்தில் நசநசத்துவிடும் என்பதால் காற்றுப்புகாமல் கட்டித் தருகிறார்கள். உப்பளமும் கடலும் சூழ்ந்த, வியர்வை காயாத ஊரில் ஈரமே ஆகாத ஒரு தின்பண்டம் பெயர் பெற்றிருப்பது அந்த ஊர் பேக்கரிக்காரர்களின் கைத்திறனுக்குச் சான்று.

அதே ஊரின் கடற்கரை வீடுகளில் மாசிச் சம்பல் இருக்கிறது. சூரை மீனை வேகவைத்துப் புகையிட்டு, கட்டை மாதிரி ஆகும்வரை வெயிலில் காயவைத்தால் மாசி. இடித்துத் தேங்காயோடும் மிளகாயோடும் சேர்த்தால் சம்பல். மாலத்தீவும் இலங்கையும் தூத்துக்குடியும் ஒரே சமையலறையைப் பகிர்ந்துகொள்வது இதில் தெரியும்.

தெற்கே காயல்பட்டினத்தில் கடைவீதி நமக்கு அதிகம் சொல்லாது. 13ஆம் நூற்றாண்டின் கடைசியில் மார்க்கோ போலோ அரபுக் குதிரைகள் வந்திறங்கும் துறைமுகமாக வருணித்த காயல், தாமிரபரணிக் கழிமுகத்தை ஒட்டிய பழையகாயல் பகுதி என்று ராபர்ட் கால்டுவெல் அடையாளம் காட்டினார். அந்த வணிக மரபின் சாப்பாடு காயல்பட்டினத்து வீடுகளில் இருக்கிறது. கல்யாணக் களறிச் சாப்பாட்டில் தரையில் விரிப்பில் அமர்ந்து, சஹன் என்னும் பெரிய தாலத்தைச் சுற்றிச் சிலராகச் சேர்ந்து நெய்ச்சோறும் களறிக்கறியும் உண்பார்கள். நாலு பேர் கை ஒரே தாலத்தில் படும்போது முன்பின் தெரியாதவர்களும் ஒருவருக்கொருவர் நல்ல துண்டை நகர்த்திவைக்கிறார்கள். இதை எந்த ஓட்டலிலும் வாங்க முடியாது, யாராவது அழைக்க வேண்டும். முட்டையும் தேங்காய்ப்பாலும் சேர்த்து, சீனியோ கருப்பட்டியோ கரைத்து, ஆவியில் வேகவைக்கும் வட்டலப்பம் இங்கும் உண்டு, இலங்கை முஸ்லிம் வீடுகளிலும் உண்டு. அங்கே கித்துள் பனையின் வெல்லம் சேர்ப்பார்கள்.

காயலுக்குத் தெற்கே, உடன்குடியை நெருங்கும்போது மண் சிவக்கத் தொடங்கும். குதிரைமொழித் தேரி, சாத்தான்குளம் பக்கத்துத் தேரி எல்லாம் காற்று குவித்த செம்மணல் மேடுகள். நெல்லும் கம்பும் நிற்காத இந்த மணலில் பனை நிற்கிறது. அதே கால்டுவெல் 1841 முதல் பல பத்தாண்டுகள் வாழ்ந்த இடையன்குடி இதே தேரிச் சூழலில்தான் இருக்கிறது. சுற்றிலும் அவர் கண்ட வாழ்க்கை முழுவதும் பனையைச் சுற்றியே இருந்தது.

பனையேறும் வேலையைப் பக்கத்தில் நின்று பார்த்தால்தான் கருப்பட்டியின் விலை நியாயம் புரியும். மார்பில் தோல், காலில் தளைநார், இடுப்பில் அருவாப்பெட்டி. பாளையைக் கடிப்பால் நசுக்கிப் பதப்படுத்தி, நுனியைச் சீவி, கீழே கலயத்தைக் கட்டுகிறார்கள். கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவியிருக்கும். சுண்ணாம்பு இருந்தால் பதநீர், இல்லையென்றால் புளித்துக் கள். தமிழ்நாட்டில் 1987 முதல் கள் இறக்கத் தடை இருப்பதால் அந்தச் சுண்ணாம்புப் பூச்சு சட்டத்துக்கும் பதில் சொல்கிறது. ஒரு நாள் சீவாமல் விட்டால் பாளை அடைத்துக்கொள்ளும். ஆகவே காலையும் மாலையும் ஒவ்வொரு மரத்திலும் ஏறியாக வேண்டும். பருவம் முழுக்க விடுப்பு கிடையாது. தவறி விழுந்து முதுகெலும்பு ஒடிந்து படுத்தவர்கள் தேரிக்காட்டு ஊர் ஒவ்வொன்றிலும் உண்டு.

இறக்கிய பதநீர் விடிலிக்கு வருகிறது. பனையோலை வேய்ந்த, ஓர் அடுப்பும் அகலமான பாத்திரமும் கொண்ட குடிசை. காய்ச்சுவது பெரும்பாலும் பெண்கள். ஓலையும் மட்டையும் பன்னாடையும்தான் விறகு. ஆண் ஏறுவதைப் படம் எடுக்கிற நாம், புகைக்குள் மணிக்கணக்கில் நிற்கும் பெண்ணை அதிகம் எடுப்பதில்லை. பதநீர் முதலில் வெளுத்துப் பொங்கும். பொங்கி வழியாமல் அடங்க இடித்த ஆமணக்கு முத்தைக் கொஞ்சம் போடுகிறார்கள். பிறகு நிறம் மாறி, குமிழ் பெருத்து, துடுப்பில் கம்பியாக இழுக்கும். அப்போது இறக்கித் தேய்த்து, வரிசையாக அடுக்கிய சிரட்டைகளில் ஊற்றுவார்கள். பத்து லிட்டர் பதநீர் இப்படிச் சுண்டி ஒரு கிலோவைச் சற்றுத் தாண்டும் கருப்பட்டியாகிறது. சுக்கும் ஏலமும் சேர்த்துச் சின்னதாக ஊற்றினால் சில்லுக்கருப்பட்டி. இதே சிரட்டை வடிவம்தான் ஒரு காலத்தில் சாக்கில் ஏறி, பேட்டை பேட்டையாகத் தங்கி, கரிசல் வரை போனது.

இன்று உடன்குடிப் பெயருக்குத் தேவை கூடியிருக்கிறது. ஏறுகிற ஆட்கள் குறைந்துகொண்டே போகிறார்கள். அந்த இடைவெளியைச் சீனி நிரப்புகிறது: சீனிப்பாகைக் கலந்து காய்ச்சி, சிரட்டையில் ஊற்றி, அதே பெயரில் விற்கிறார்கள். உடைத்துப் பார்த்தால் நல்ல கருப்பட்டியின் உள்முகம் மங்கலாக இருக்கும், கலப்படத்தில் சர்க்கரைப் பரல் மினுங்கும். நாக்கில் வைத்தால் இனிப்புக்கு அடியில் மெல்லிய உவர்ப்பு தட்ட வேண்டும். இந்தச் சோதனைகளும் எப்போதும் கை கொடுப்பதில்லை. அடுப்பு எரிகிற விடிலிக்கே போய், கண்ணெதிரே ஊற்றியதை அவர்கள் சொல்லும் விலைக்கு வாங்குவதுதான் ஐயமற்ற வழி. அதற்கு மாசிக்கும் ஆடிக்கும் இடையில், விடிந்ததும் போய்விட வேண்டும். வெயில் ஏறுவதற்குள் பட்டையில் ஊற்றிக் குடிக்கக் கொஞ்சம் பதநீர் கிடைக்கும், மிச்சம் அடுப்புக்குப் போய்விடும்.